தளும்ப ஊற்றிய கைவான்

இந்தக் கைவான் வேண்டாம் என்பது தனபாக்கியத்துக்குக் கையில் எடுத்த உடனேயே தெரிந்துவிட்டது, ஆனால் கடைக்காரர் அதன் பெருமையை மூச்சுவிடாமல் கான்டனீஸில் சொல்லிக்கொண்டே போனார், அவளும் எல்லாம் விளங்கியவள்போலத் தலையாட்டிக்கொண்டு நின்றாள். ஈப்போ பழைய டவுனில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அவளுடைய முகம்தான் முதலில் போய்ப் பேசும், அவள் பின்னாலேயே போய் அந்த முகத்துக்காக மன்னிப்புக் கேட்க வேண்டும். இடுங்கிய கண், சப்பை மூக்கு, பால் வெள்ளைத் தோல், நடு நெற்றியில் குங்குமம். வாயைத் திறந்தால் தமிழ், அதை விட்டால் கடைத்தெருவில் பேசும் பசார் மலாய். "எனக்குச் சீனம் தெரியாதுங்க" என்று அவள் மலாயில் சொன்னதும் கடைக்காரர் பொட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி பொட்டைப் பார்த்தார். "ஓ, தமிழாளுங்க வளர்த்த பிள்ளையா" என்று மலாயிலேயே கேட்டார். ஆமாம், வளர்த்த பிள்ளைதான், இந்த வயதிலும் பிள்ளைதான், பேரன் எடுத்த பிறகும் ஊருக்குள் அவள் சிக்னல்காரர் வீட்டுச் சீனப்பிள்ளைதான். புலி வருடத்தில் பிறந்த பெண் தகப்பன் உயிருக்கு ஆகாது என்று எவனோ ஒரு சோசியக்காரன் சொல்லிவைக்க, மாதம் ஒன்றுகூட ஆகாத குழந்தையைத் துண்டில் சுற்றி ரயில்வே குவார்ட்டர்ஸில் சிக்னல்காரர் வேலாயுதம் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தக் காலத்தில் அப்படிக் கொடுத்த வீடுகளும் உண்டு, வாங்கிக்கொண்ட வீடுகளும் உண்டு, யாரும் அதை அதிசயமாகப் பேசவில்லை. வாங்கிக்கொண்ட அம்மாவுக்கு அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்து தொட்டில் காயும்முன் போயிருந்தன. "நீதான்டி தங்குன" என்பாள் அம்மா, தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது, வேறு எதற்கோ திட்டும்போது, எதுவுமே இல்லாதபோதும். தனபாக்கியம் கையிலிருந்த கைவானை மேசையில் வைத்தாள்.

கைவான் என்றால் ஒன்றும் பிரமாதமில்லை, ஒரு பீங்கான் கிண்ணம், அதற்கொரு மூடி, அடியில் ஒரு தட்டு, மூன்றும் சேர்ந்து ஒரு பெயர். கிண்ணத்தில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி மூடிவைத்து, மூடியைக் கொஞ்சம் சாய்த்து இலை வராமல் தேநீரை மட்டும் குடிப்பது, அல்லது சின்னக் குவளையில் ஊற்றுவது. கடைக்காரர் காட்டியதில் சிவப்பும் பச்சையுமாக ஒரு டிராகன் வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருந்தது, சுவர் தடிமன், மூடி சொன்ன பேச்சுக் கேட்காமல் ஆடியது. 'இதென்னடி பொம்மைக் கடை சாமானாட்டம், பிடியும் இல்ல ஒண்ணும் இல்ல' என்று அம்மா காதுக்குள் சொன்னாள். அம்மா செத்தும் வாய் ஓயவில்லை, கடைக்குப் போனால் கூடவே வருவாள், எதை எடுத்தாலும் ஒரு நொட்டை சொல்வாள். அவள் பரவாயில்லை, பேசுகிறாள். பேசாத இன்னொருத்தி இருக்கிறாளே, பெற்றவள், அவள்தான் தொல்லை. அவளும் கடைக்குள் வந்துவிட்டாள் என்று தனபாக்கியத்துக்குத் தோன்றியது, தேயிலைப் பொட்டலங்கள் அடுக்கியிருந்த அலமாரிக்குப் பக்கத்தில், யாரும் உட்காராத அந்த முக்காலியில். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் முக்காலி மட்டும்தான் இருக்கும், அதுவும் ஒரு மாதிரி, இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி இருக்கும். நாளைக்கு அவளைத்தானே பார்க்கப் போகிறோம், அதற்குள் என்ன அவசரம் அவளுக்கு. நாளை கல்லறைக்குப் போகும் நாள், புல் செதுக்கி, கல்லைத் துடைத்து, செத்தவர்களுக்குச் சோறும் தேநீரும் வைத்துக் கும்பிடும் சீனர்களின் நாள். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமையில் மாரியம்மன் கோவில் வாசலில் ஒரு சீனக் கிழவி கைத்தடியோடு நின்று, சிக்னல்காரர் வீட்டுச் சீனப்பெண் எங்கே என்று போவோர் வருவோரை எல்லாம் கேட்டிருக்கிறாள், கோவிலே கூடி தனபாக்கியத்தைக் கையைப் பிடித்துக்கொண்டு போய் அவள்முன் நிறுத்தியது. யோக் லின், பெற்றவளின் மூத்த மகள், கூடப் பிறந்த அக்கா. "இந்த வருஷம் நீயும் வா. அடுத்த வருஷம் எனக்குக் கல்லறை மலை ஏறக் காலு வராது. தேத்தண்ணி நீ ஊத்து, அம்மாவுக்குக் கைவான்ல குடிச்சாத்தான் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டாள், ஏதோ நேற்றுப் பேசியதை விட்ட இடத்திலிருந்து தொடருகிறவள்போல. தனபாக்கியமும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். அன்றையிலிருந்து தூக்கம் போயிற்று.

தேத்தண்ணி நீ ஊத்து. எவ்வளவு ஊற்றுவது, அதைச் சொல்லவில்லையே அக்கா. பெற்றவள் வருடத்துக்கு ஒரு தடவை, சீனப் பெருநாள் முடிந்த கையோடு, ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வருவாள். வீட்டில் அவளுக்குச் சீனம்மா என்று பெயர். மெங்லெம்புவிலிருந்து பஸ் பிடித்து வந்து முன்கூடத்து நாற்காலியில் நுனியில் உட்காருவாள், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, மலாயும் அரைகுறை, அம்மாவும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துச் சிரித்தே பொழுது போய்விடும், பிறகு சீனம்மா போய்விடுவாள், அம்மாவுக்கு அன்று மாலை தலைவலி வரும். தனபாக்கியத்துக்குப் பதின்மூன்று முடிந்த வருடம் சீனம்மா ஆரஞ்சோடு செய்தித்தாளில் சுற்றி ஒரு கைவானும் கொண்டுவந்தாள். வெள்ளை, விளிம்பில் மட்டும் ஒரு நீலக்கோடு. அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, கட்டைவிரலும் நடுவிரலும் விளிம்பில், ஆள்காட்டி விரல் மூடியின் குமிழில் என்று விரல்களைப் பிடித்துப் பிடித்து வைத்தாள். எவ்வளவு மெத்தென்ற விரல்கள், நகத்தில் பூண்டு வாசம், அந்த வாசம் இப்போதும் இந்தக் கடைக்குள் எங்கோ இருக்கிறது, தேயிலை வாசத்துக்கு அடியில், இல்லை, அது பக்கத்துச் சாப்பாட்டுக் கடையாக இருக்கும். ஒரு வருடம் முழுக்க அவள் பழகினாள், விரல் சுட்டுச் சுட்டு, பள்ளிக்கூடத்தில் தங்கப்பல் டீச்சர் கேட்டால் அடுப்பு சுட்டது என்று பொய் சொல்லி. அடுத்த வருடம் சீனம்மா யோக் லின்னையும் கூட்டிக்கொண்டு வந்தபோது தனபாக்கியம் தானாகவே போய் வெந்நீர் வைத்தாள். இலை போட்டாள். ஊற்றினாள். பின்னால் நின்ற அம்மா, "என்னடி அரையும் குறையுமா, வந்தவங்களுக்கு இப்படியா குடுப்பாங்க, இன்னும் ஊத்து" என்றாள். ஊற்றினாள். விளிம்பைத் தொட்டு, மூடி வைத்ததும் பிதுங்கி, தட்டில் வழிந்து நிற்கும்வரை ஊற்றினாள். அவர்கள் வீட்டில் மரியாதை என்றால் அதுதான், பாயசமோ மோரோ தளும்ப வேண்டும், தளும்பாமல் கொடுத்தால் மனசில்லாமல் கொடுத்தது. இரண்டு கையாலும் ஏந்திப் போய் வைத்தாள். சீனம்மா தட்டில் நிற்கும் தேநீரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தூக்கி, விரல் சிவக்க, முழுவதையும் குடித்து முடித்து, எழுந்து, தனபாக்கியத்தின் கன்னத்தைத் தொட்டுவிட்டு வாசலிறங்கிப் போனாள். அவ்வளவுதான். அடுத்த பெருநாளுக்கு வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை. வாசலில் ஆரஞ்சு வாசம் வந்தால் ஓடிப்போய்ப் பார்க்கிற பழக்கம் மட்டும் இவளுக்கு மிஞ்சியது. மூடி ஒருநாள் கைதவறி உடைந்தது, கிண்ணத்தை எடுத்து அம்மா சாமி மாடத்தில் திருநீறு போட்டு வைத்தாள், இன்றும் அங்கேதான் இருக்கிறது, சாமிக்கு வைத்ததை எடுத்துப்போய்க் கல்லறையில் தேநீர் ஊற்ற முடியுமா, அதனால்தான் புதிது வாங்க வந்தாள்.

கடைக்காரர் இரண்டாவது கைவானைக் கொண்டுவந்து வைத்துக் கெட்டிலிலிருந்து வெந்நீரை ஊற்றினார். இது ரொம்ப மெல்லிசு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அவருடைய விரல்களே நிழலாகத் தெரிந்தன. தட்டினால் கோவில் மணி ஓய்ந்த பிறகு நிற்குமே ஒரு ஓசை, அது மாதிரி கொஞ்ச நேரம் நின்றது. தனபாக்கியம் ஆசையாகத் தூக்கினாள், உடனே வைத்தாள். விளிம்பு நேராக இருந்தது, வெளியே விரியவில்லை, விரலைப் பிடிக்க இடமே இல்லை, சூடு நேரே எலும்புக்குப் போயிற்று. "ஆண்ட்டி, நிறைய ஊத்திட்டேன், என் தப்பு" என்றார் கடைக்காரர். என் தப்பு. எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சியூ லான் என்று ஒருத்தி பக்கத்து இருக்கையில் இருந்தாள். ஒருநாள் அவளுக்குத் தேநீர் ஊற்றியபோது சியூ லான் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து நிறுத்தினாள், போதும் போதும், என்னை எழுந்து போகச் சொல்கிறாயா என்றாள். எங்கள் வீட்டில் குவளை வழிய ஊற்றினால் இனி இங்கே உட்காராதே, குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம், உனக்குத் தெரியாதா, பார்த்தால் சீனத்தி மாதிரி இருக்கிறாயே என்றாள். அன்று தலைக்குள் போய் உட்கார்ந்தது இன்றுவரை எழுந்திருக்கவில்லை. பெற்றவள் வருடமெல்லாம் காத்திருந்து, பஸ் ஏறி வந்து, விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த கைவானிலேயே, பெற்ற மகள் கையாலேயே, போ என்று சொன்ன தேநீரை வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒரு சொட்டு விடாமல் குடித்தாளே, அதுதான் தாங்கவில்லை. அதற்குப் பிறகு தனபாக்கியத்தால் எதையும் நிறைய ஊற்ற முடிந்ததில்லை, கை முக்கால் பாகத்திலேயே நின்றுவிடும், மீறி ஊற்றினால் எதிரே ஒரு நாற்காலி பின்னால் நகருகிற சத்தம் கேட்கும், யாரோ எழுந்திருக்கும் சத்தம். மகள் கல்யாணத்தில் பாயசத்தை முக்கால் டம்ளராக ஊற்றினாள் என்று சம்பந்தி வீட்டில் இன்னும் குத்திக்காட்டுகிறார்கள். காட்டட்டும். விளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போதுகூட விளிம்புக்கு முன்னால் கை நின்றுவிடுகிறது, சாமி எழுந்து போய்விட்டால் என்ன செய்வது.

அலமாரிக் கண்ணாடிக்குள் ஒரு கிழச் சீனத்தி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பொட்டு தெரிந்தது, தன் முகம்தான். ஆனால் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவளின் முகமும் அதுதானே, கன்னம் வற்றி, வாய் ஓரம் கீழே இழுத்து. சீனம்மா அப்போது இத்தனை வயதில்லை, இருந்தும் அந்தப் பார்வை வந்துவிட்டது, தட்டில் நின்ற தேநீரைப் பார்த்த பார்வை. நாளைக்கு இந்த முகத்தைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்கு முன்னால் போய் உட்கார வேண்டும். மூன்று குவளை ஊற்ற வேண்டுமாம். குறைவாக ஊற்றினால் அம்மா திட்டுவாள், வந்தவளுக்குப் பிச்சையா போடுறே என்பாள். நிறைய ஊற்றினால் சீனம்மா செத்த இடத்திலிருந்தும் எழுந்து போய்விடுவாள், அப்புறம் எங்கே போய்த் தேடுவது, அதற்கப்பால் இடமே இல்லையே. போகாமல் இருந்துவிட்டால் என்ன, ஜுரம் என்று போன் செய்துவிடலாம், அக்கா இத்தனை காலம் தங்கை இல்லாமல்தானே இருந்தாள். கடைக்காரர் இதற்குள் அலுத்துப்போய்த் தன் செல்போனில் ஏதோ நாடகம் பார்க்க ஆரம்பித்திருந்தார். பார்த்தபடியே அடித்தட்டிலிருந்து மூன்றாவதாக ஒன்றை எடுத்து நகர்த்தினார், படம் இல்லை, கோடு இல்லை, வெறும் வெள்ளை. மூடி கிண்ணத்துக்குள் போய் அடக்கமாக உட்கார்ந்தது, ஆடவில்லை. விளிம்பு பூவிதழ்போல வெளியே விரிந்திருந்தது. அவளே வெந்நீர் ஊற்றினாள், கை வழக்கம்போல நின்ற இடத்தில் நிறுத்தினாள், மூடி, மூன்று விரலால் தூக்கினாள். சுடவில்லை. சாய்த்தாள், மூடிக்கும் கிண்ணத்துக்கும் நடுவே நூல் மாதிரி நீர் இறங்கியது, ஒரு துளி கையில் ஓடவில்லை. நல்ல சாமான். இத்தனை நல்ல சாமான் கையில் இருக்கும்போது ஏன் அழுகை வருகிறது என்று அவளுக்குப் புரியவில்லை, ஆனால் வந்தது, தாராளமாக வந்தது. அந்த நேரம் பார்த்து யோக் லின் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கடைக்குள் வந்தாள், தங்கை கைவான் வாங்க இங்கேதான் வருவாள் என்று காலையில் போனில் பேசி வைத்ததை மறக்காமல்.

கிழவி முதலில் கைவானைப் பார்த்தாள். கவிழ்த்துப் பார்த்தாள், விளிம்பில் விரல் ஓட்டிப் பார்த்தாள், நல்லது என்று தலையசைத்தாள். பிறகுதான் தங்கையின் கண்ணைப் பார்த்தாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த ஓட்டை மலாய்தான், அதில்தான் எல்லாவற்றையும் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. "ஏன் அழுற?" என்றாள் யோக் லின். கேட்கக் கூடாது என்று ஒரு மாதமாகக் கட்டிவைத்திருந்ததைத் தனபாக்கியம் கேட்டேவிட்டாள். "அக்கா, கடைசியா வந்தீங்களே எங்க வீட்டுக்கு, அன்னிக்கு நான் தேத்தண்ணி வழிய ஊத்திட்டேன். எனக்கு அர்த்தம் தெரியாது. சத்தியமா தெரியாது. அதனாலதானே அம்மா அப்புறம் வரல?" யோக் லின் நெற்றியைச் சுருக்கினாள். "தேத்தண்ணியா? எந்தத் தேத்தண்ணி?" "கைவான்ல ஊத்தினேனே. தட்டெல்லாம் வழிஞ்சுச்சே." "எனக்கு ஞாபகமில்ல. அம்மாவும் சொன்னதில்ல." கிழவி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதில் அதுவரை யாரும் இருக்கவில்லை. "அதுக்காக வராம இருப்பாங்களா? உங்கம்மா வேணாம்னு சொன்னாங்க, அதான் வரல. உனக்குச் சொல்லலியா? நாங்க கடைசியா வந்ததுக்கு முந்தின வாரமே மெங்லெம்புக்கு எங்க வீட்டுக்கு வந்தாங்களே. தனியா. ஒரு சீப்பு வாழைப்பழம், வெத்தலை பாக்கு, தட்டுல வச்சு எடுத்துக்கிட்டு. எங்களுக்கு அது எதுக்குன்னுகூடத் தெரியாது. எங்கம்மா காலைப் பிடிச்சுக்கிட்டாங்க. மலாய்ல ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க, என் பிள்ளை, என் பிள்ளைன்னு. நான் சின்னப் பொண்ணு, பயந்துட்டேன். எங்கம்மா அவங்களைத் தூக்கி நிறுத்தினாங்க. அப்புறம் ஒரு தடவை மட்டும்னு விரலைக் காட்டினாங்க. அந்த ஒரு தடவைதான் என்னையும் கூட்டிக்கிட்டு வந்தாங்க, தங்கச்சி முகத்தைப் பாத்து வச்சுக்கோன்னு."

கடைக்காரரின் செல்போனில் யாரோ யாரையோ அறைந்தார்கள், அவர் சத்தத்தைக் குறைத்தார். காதுக்குள் அம்மாவைக் காணோம். இத்தனை நேரம் நொட்டை சொல்லிக்கொண்டிருந்தவள் எங்கே போனாள், வாடி, வந்து இது பொய் என்று சொல்லு, இந்தக் கிழவிக்கு மறதி என்று சொல்லு. சியூ லான் சொன்ன அன்று சாயங்காலம் வேலை விட்டு ஓடிப்போய், முற்றத்தில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மாவின் மடியில் விழுந்து, நான்தாம்மா விரட்டிட்டேன், என் கையாலயே விரட்டிட்டேன் என்று அழுதாள். அம்மாவின் கை நாரில் நின்றது. பிறகு ஒரு மல்லிகையை எடுத்து வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே, "அப்படித்தான்டி இருக்கும். விடு" என்றாள். தெரிந்தே சொன்னாள். அதன் பிறகு எத்தனை வருடம் ஒரே வீட்டில், ஒரே தட்டில், இவள் முக்கால் முக்காலாக ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், சாகும்போதுகூட இவள் கையால் முக்கால் டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் செத்தாள், சொல்லவில்லை. பாவி. படுபாவி. என் பிள்ளை என் பிள்ளை என்று தெரியாத வீட்டில் போய்க் காலைப் பிடித்தவள். இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவள் மூன்றாவதையும் விட்டுவிடுவாளா, அவளைப்போய் என்ன என்று வெறுப்பது, வெறுக்கவும் முடியவில்லையே, வெறுக்காமலும் முடியவில்லையே. அம்மா செய்தது என்றால் அதை இனி யார் போய்ச் சரி செய்வது. தான் செய்தது என்றால் நாளைக்கே சரி செய்யலாம், அளவாக ஊற்றினால் போதும். "இல்லக்கா" என்றாள் தனபாக்கியம். "உங்களுக்கு ஞாபகமில்ல. நான்தான் வழிய ஊத்திட்டேன். அதான் அம்மா வரல." "நான் பக்கத்துலதான் நின்னேன், உங்கம்மா அழுததை என் கண்ணால..." "நான்தான் ஊத்தினேன்" என்று அவள் கத்தியதில் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். யோக் லின் கையை நீட்டி அவள் முந்தானையாலேயே அவள் மூக்கைத் துடைத்துவிட்டாள். தனபாக்கியம் கைவானைக் கிழவியின் பக்கம் நகர்த்தினாள், இந்த வயதில் இன்னொரு அம்மாவைப் பறிகொடுக்க அவளுக்குத் தெம்பில்லை. "எவ்வளவு ஊத்தணும், காட்டுங்க" என்றாள். யோக் லின் கிண்ணத்துக்குள் விரலை விட்டு, விளிம்பு விரியத் தொடங்கும் இடத்துக்குக் கீழே, இதுவரைக்கும் என்று காட்டினாள்.